ராக்கெட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஊர்

(டிசம்பர் மாத ஞாயிறு சந்திப்பில், கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பழவேற்காடு பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காகப் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



2023 ஜூலை 14 நினைவிருக்கிறதா? மதியம் இரண்டரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் நாம் எல்லோரும் மொட்டை மாடியில் நின்றோம். சரியாக 2.35-க்கு வடகிழக்கே ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. சந்திரயான்-3. குழந்தைகள் கத்தினார்கள், பெரியவர்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள், அன்று மாலை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ராக்கெட்டின் நாற்பது வீடியோக்கள் வந்து விழுந்தன.

அந்த வீடியோக்களை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ராக்கெட்டைப் பார்க்க வேண்டாம், அதற்குக் கீழே பாருங்கள். நம் மாடிக்கும் அந்த ஏவுதளத்துக்கும் நடுவில், அடிவானத்தோடு அடிவானமாக மங்கலாக ஒரு பட்டை தெரியும். அது தண்ணீர். பழவேற்காடு ஏரி. அதன் தென்கோடியில் இருக்கும் ஊருக்குத்தான் ஜனவரியில் போகப் போகிறோம். கும்மிடிப்பூண்டியில் பத்து வருடம், பதினைந்து வருடம் இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஊருக்குப் போனவர்கள் கை தூக்கச் சொன்னேன், ஏழு பேர் தூக்கினீர்கள். அதில் நான்கு பேர் நண்டு வாங்கப் போனவர்கள். தப்பில்லை, நண்டு வாங்கவும் போகலாம். ஆனால் போகிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொண்டு போனால், வண்டியை விட்டு இறங்கியதும் "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்க மாட்டோம்.

முதலில் நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். ஏரி என்கிறோமே தவிர, நம் ஊர்ப்பக்கத்து ஏரிகளைப் போலக் கரை கட்டி மதகு வைத்த ஏரி அல்ல அது. கடலோரமாக ஒரு நீண்ட மணல் திட்டு உருவாகி, அதற்கு உள்பக்கம் சிக்கிக்கொண்ட தண்ணீர். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே இரண்டாவது பெரியது. தெற்கு வடக்காகச் சுமார் அறுபது கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கே ஒரு சிறு பகுதிதான் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு. அந்த மணல் திட்டுத்தான் ஸ்ரீஹரிகோட்டா. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் ஏரி.

ராக்கெட் தளம் அங்கே போனதற்கும் இந்த நில அமைப்புத்தான் காரணம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால் கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கும். கிழக்கே திறந்த கடல் இருந்தால், கழன்று விழும் பாகங்கள் யார் தலையிலும் விழாது. 1969-ல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. தீவில் அதற்கு முன் குடியிருந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பகுதி மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. நாம் மாடியில் கைதட்டும் நாள் அவர்களுக்குத் தொழில் இல்லாத நாள். இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, நானும் கைதட்டியவன்தான். தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏரி மிகவும் ஆழம் குறைந்தது. பல இடங்களில் இடுப்பளவுதான். தெற்கே ஆரணி ஆறு வந்து கலக்கிறது, வடக்கே ஆந்திரப் பகுதியில் காளங்கி ஆறு. பொன்னேரி பாலத்தில் நீங்கள் தாண்டிப் போகும் அதே ஆரணி ஆறுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நல்ல தண்ணீராகிறது. கோடையில் ஆறு வற்றி, வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு ஏறுகிறது. வருடத்துக்கு ஒரு முறை தன் சுவையையே மாற்றிக்கொள்ளும் தண்ணீர். இதனால்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் அங்கே அவ்வளவு விளைகின்றன, அவற்றைத் தின்னப் பறவைகளும் வருகின்றன. நாம் ஜனவரியில் போவது பூநாரைகளைப் பார்க்கத்தான். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றையும் நீரையும் வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறம் தின்கிற பாசியிலும் சிறு இறாலிலும் இருந்து வருவது. கூழைக்கடாவையும் பார்க்கலாம். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டுவாருங்கள், எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்.

இனி ஊருக்கு வருவோம். பழைய வேர்கள் நிறைந்த காடு, அதனால் பழவேற்காடு என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் வாயில் அது புலிகாட் ஆனது. விஜயநகர அரசர்கள் காலத்திலேயே பெரிய துறைமுகம். ஏன் இங்கே துறைமுகம் வந்தது என்று யோசித்தால் மறுபடியும் அந்த மணல் திட்டுத்தான் பதில். சோழமண்டலக் கரை நெடுகக் கடல் திறந்து கிடக்கிறது, புயல் அடித்தால் ஒதுங்க இடமில்லை. இங்கே மட்டும் முகத்துவாரத்தின் வழியாகப் படகுகள் உள்ளே வந்துவிட்டால் அமைதியான தண்ணீர். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, படகுகள் சரக்கை ஏற்றி இறக்கும்.

என்ன சரக்கு? துணி. இன்றைக்கு மலேசியாவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அங்கே ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு என்ன பெயர் என்று. 'காயின் பெலிகாட்'. காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். இங்கிருந்து போன துணிக்கு ஊர்ப் பெயரே பெயராகி, ஊரின் துறைமுகம் போய் இருநூறு வருடம் ஆன பிறகும் அங்கே கடைகளில் அந்தப் பெயர் விற்றுக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் கடைக்காரரிடம் போய் பழவேற்காட்டுக் கைலி கொடுங்கள் என்றால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1515-ல் அவர்கள் கட்டியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது, கட்டடம் பின்னால் புதுப்பிக்கப்பட்டது. அவர்களுக்கு முன்னாலேயே அரபு வணிகர்கள் வந்து தங்கியிருந்தார்கள். ஊரில் பழைய பள்ளிவாசல்கள் உண்டு, அதில் ஒன்றில் சூரிய கடிகாரம் இருக்கிறது. செம்பாறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் உண்டு. சின்ன ஊர்தான். காலையில் நடக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஆனால் அந்த ஊரின் பெயரை உலக வரைபடத்தில் பெரிய எழுத்தில் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய கிழக்கிந்திய கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் நமக்குக் கப்பலோட்டிய தமிழர்தான் நினைவுக்கு வருவார். ஒரு அந்நிய வணிகக் கம்பெனிக்கும் அதே மூன்றெழுத்து இன்ஷியலாக இருந்தது ஒரு வேடிக்கை. டச்சுக்காரர்களுக்கு உண்மையில் வேண்டியது நம் துணி அல்ல. இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும்தான். ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணியைத்தான் விரும்பி வாங்கினார்கள். துணி இல்லாமல் மசாலா இல்லை. அதனால் துணி கிடைக்கும் கரையில் காலூன்ற வேண்டியதாயிற்று.

1610-ல் சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதி தேவராயரிடம் அனுமதி வாங்கி இங்கே பண்டகசாலை போட்டார்கள். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியருக்கு இது பிடிக்கவில்லை, 1612-ல் வந்து அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருடமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கோட்டையாகவே கட்டிவிட்டார்கள். பெயர் கெல்ட்ரியா. கட்டிய அதிகாரியின் சொந்த மாகாணம் ஹாலந்தில் கெல்டர்லாந்து, அந்த நினைவில் வைத்த பெயர். நம் அபார்ட்மென்ட்டுகளுக்கு பில்டர்கள் வெளிநாட்டு ஊர்ப் பெயர்களை வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, நம் வட்டாரத்தில் அந்தப் பழக்கத்தை நானூறு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கோட்டையால் விளைந்த ஒரு பெரிய விஷயம் சென்னை. ஆங்கிலேயர் முதலில் பழவேற்காட்டில் இடம் பிடிக்கத்தான் பார்த்தார்கள். 1621-ல் டச்சுக்காரர்களோடு சேர்ந்து சிறிது காலம் இங்கேயே இருந்தார்கள், ஒத்துப்போகவில்லை. பிறகு 1626-ல் இதே ஏரியின் வடகோடியில், ஆர்மகான் என்ற இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அது இன்றைய துர்கராஜபட்டினம். அங்கே நல்ல துணி மலிவாகக் கிடைக்கவில்லை. தெற்கே தேடிக்கொண்டு வந்த பிரான்சிஸ் டே என்பவர் 1639-ல் மதராசபட்டினத்தில் ஒரு மணல்வெளியை வாங்கினார். அங்கே எழுந்ததுதான் புனித ஜார்ஜ் கோட்டை. பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் ஒருவேளை இன்று நாம் வேலைக்கு மின்சார ரயிலில் தெற்கே போகாமல் கிழக்கே போய்க்கொண்டிருப்போம்.

டச்சுக் கல்லறையைக் கட்டாயம் பார்க்கப் போகிறோம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகள் பயப்படாமல் செல்ஃபி எடுப்பார்கள், அது தெரியும். உள்ளே கல்வெட்டுக்களில் உள்ள வயதுகளைப் பாருங்கள். பலர் இளம் வயதில் போனவர்கள், குழந்தைகளும் உண்டு. இந்த வெயிலும் காய்ச்சலும் அவர்களை விடவில்லை. கல்லறைக் கற்களில் குடும்பச் சின்னங்களை நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். லாபம் எவ்வளவு வந்தது என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

கல்லறைக்குள்ளே கல் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறைமுகத்திலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பஞ்சம் வந்த காலங்களில், சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள், பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேரைச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பழவேற்காடு அதில் முக்கியமான இடம். பெரும்பாலோர் போனது பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு. கோட்டையில் கணக்கு எழுதிவைத்த கம்பெனி அது, துணி மூட்டையை எழுதுவதைப் போலவே ஆட்களையும் எழுதியது. அவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே கல் கிடையாது. எலும்புக்கூடு வாசலில் படம் எடுத்து முடித்ததும் ஒரு நிமிடம் கடல் பக்கம் திரும்பி நின்று அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், பத்து வயதுக்கு மேல் புரியும்.

எல்லா டச்சுக்காரர்களும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. 1632 முதல் பத்து வருடம் இங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். உள்ளூர் அந்தணர் பத்மநாபன் என்பவரோடு உட்கார்ந்து பேசிப் பேசி, இங்குள்ள மக்களின் நம்பிக்கைகள், சடங்குகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-ல் ஹாலந்தில் அச்சானது. இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் விரிவாக வெளிவந்த முதல் சில புத்தகங்களில் ஒன்று. பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் சுலோகங்களும் முதன்முதலாக ஐரோப்பிய மொழி ஒன்றுக்குப் போனது அதில்தான். பழவேற்காட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு அது.

அதற்குப் பிறகு இறக்கம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1690-ல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781-ல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனதால் பிறகு கொஞ்ச காலம் மீண்டும் இங்கே. 1795-ல் பழவேற்காட்டையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1818-ல் திருப்பிக் கொடுத்தார்கள், 1825-ல் ஒரேயடியாக வாங்கிக்கொண்டார்கள். இதற்கு நடுவில் கோட்டையையும் இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் முட்புதரும் அகழியின் தடமும்தான். கோட்டை எங்கே என்று தேடி ஏமாறாதீர்கள், அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

துறைமுகம் போன பிறகும் ஊர் முழுக்கத் தூங்கிவிடவில்லை. 1806-ல் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில் கூலி வேலையாகக் கொடுத்து சென்னைக்குள் இணைப்பை வெட்டினார்கள், அப்போதைய கவர்னர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஸ்ரீஹரிகோட்டா சவுக்கு விறகு, கிளிஞ்சல் சுண்ணாம்பு, உப்பு, மீன் எல்லாம் படகில் சென்னைக்குப் போயின. சென்னையின் பழைய வீடுகளில் பலவற்றின் சுவர் பூச்சும் அடுப்பு விறகும் இந்த ஏரி வழியாக வந்தவை. நம் பக்கத்து சுண்ணாம்புக்குளம் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பெயரைக் கேட்டால் போதும். அறுபதுகளின் புயல்களுக்குப் பிறகு கால்வாய்ப் போக்குவரத்து நின்றது.

இப்போது ஊர் மீனால் வாழ்கிறது. இதில் ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஏரியில் வலை கட்ட நல்ல இடம், சுமாரான இடம் என்று உண்டு. யார் எங்கே கட்டுவது? வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்தால் தினம் அடிதடி. அதற்காக அந்த மீனவ கிராமங்களில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. இடங்களைப் பிரித்து, குலுக்கிப் போட்டு, முறைவைத்து மாற்றிக்கொண்டே வருவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். கார் பார்க்கிங் ஒதுக்கீட்டில் மூன்று பொதுக்குழு முடிந்தும் நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதை இந்த இடத்தில் செயலாளர் அவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். (சிரிப்பு.) பாடு முறையிலும் குறை உண்டு. அந்த உரிமை எல்லாச் சமூகத்துக்கும் இல்லை. இருளர் பெண்கள் வலை இல்லாமல், முட்டளவு தண்ணீரில் தவழ்ந்தபடி கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதை நீங்கள் அங்கே பார்ப்பீர்கள். மாநில எல்லை ஏரியின் நடுவே போவதால் இரண்டு பக்கத்து மீனவர்களுக்கும் அவ்வப்போது தகராறும் வரும். தண்ணீரில் கோடு போட்டால் இறால் அதை மதிக்குமா?

இறால் என்றதும் முகத்துவாரத்துக்கு வர வேண்டும். நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, அமைதியான உப்புத் தண்ணீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். அந்த வாசல் திறந்திருந்தால்தான் ஏரியில் இறால். கோடையில் மணல் சேர்ந்து வாசல் அடைந்துவிடும். படகு வெளியே போக முடியாது, குஞ்சு உள்ளே வர முடியாது, ஏரித் தண்ணீர் கெட்டுப்போகும். பல வருடங்கள் மீனவர்களே மண்வெட்டியோடு இறங்கி வெட்டிவிட்டிருக்கிறார்கள். இப்போது சுமார் 27 கோடி ரூபாயில் இரண்டு பக்கமும் கல் கொட்டி வாசலை நிலைப்படுத்தும் திட்டத்தை அரசு எடுத்தது.

மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் கடலுக்குள் கல் சுவர் கட்டினால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் வீடுகளைத் தின்றதும் இதனால்தான். அதற்கு வடக்கே இப்போது எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதையடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்கும் வடக்கே இருப்பது பழவேற்காடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டு, 2021-லும் 2023-லும் அறிவித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒல்லியான மணல் கரை அரித்துப் போனால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்பது மீனவர்களின் பயம்.

நம்மில் பாதிப் பேர் சிப்காட்டிலும் துறைமுகங்களை நம்பி நடக்கும் கம்பெனிகளிலும் வேலை செய்கிறோம். கன்டெய்னர் நகர்ந்தால்தான் நமக்குச் சம்பளம், நம் இ.எம்.ஐ. அதனால் துறைமுகமே வேண்டாம் என்று இங்கே நின்று பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய விரிவாக்கம் அந்தக் கரையில் வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். இதை ஏற்காதவர்கள் இங்கே இருப்பீர்கள். டீ இடைவேளையில் பேசுவோம்.

துறைமுகம் நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நம் நிலம் கிழக்கே சரிவு. இங்கே பெய்யும் மழை ஏரி, ஓடை, கால்வாய் என்று இறங்கி இறங்கிக் கடைசியில் கிழக்கே அந்தத் தண்ணீருக்குத்தான் போகிறது. சென்ற கோடையில் நம் எஸ்.டி.பி. இருபது நாள் பழுதாகிக் கிடந்தபோது, கழிவுநீரை டேங்கர் லாரியில் எடுத்துப் போனார்கள். லோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தோம். ரசீதும் இருக்கிறது. எங்கே கொண்டுபோய் இறக்கினீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "அந்தாண்டைதான் சார்" என்று கிழக்கே கையைக் காட்டினார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. நம் கமிட்டியிலும் யாரும் கேட்கவில்லை, அந்த வருடம் கமிட்டியில் நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வந்து நிற்கும் மீன்காரம்மாவிடம் மட்டும் "ஏரி இறாலா, வளர்ப்பு இறாலா?" என்று துருவித் துருவிக் கேட்கிறோம்.

அதனால் ஜனவரி பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். இனி டேங்கர் எடுத்தால், சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டு வந்த பிறகுதான் பணம். எஸ்.டி.பி.க்கு ஒரு மாற்று மோட்டார் வாங்கி வைப்பது இரண்டாவது. மெயின்டனன்ஸில் கொஞ்சம் கூடும். கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் குழுவில் போடுவார்.

கடைசியாகப் பயண விவரம். ஜனவரி கடைசி ஞாயிறு, காலை ஆறு மணிக்கு பஸ் கிளம்பும். ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் பறவைகளை மறந்துவிடுங்கள். பொன்னேரி, திருப்பாலைவனம் வழி. முதலில் பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம், பிறகு கல்லறை, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில். பள்ளிவாசலில் முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கிறோம், தொழுகை நேரம் தவிர்த்துப் போவோம். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னுவார்கள், அவ்வளவு நேர்த்தி. அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். கொலுவுக்குத் தாம்பூலப் பை தேடுபவர்கள் இப்போதே ஆர்டர் கொடுக்கலாம்.

படகு சவாரி கிடையாது. இதில் விவாதமே இல்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தண்ணீரில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள் எல்லாம் அதில் உண்டு. லைஃப் ஜாக்கெட் இல்லை. இடுப்பளவு தண்ணீர்தானே என்று நான் முன்பு சொன்னதை நம்பி யாரும் இறங்க வேண்டாம், முகத்துவாரத்துப் பக்கம் ஆழமும் இழுப்பும் வேறு. அந்த விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். யாராவது ஓரமாக வந்து "நூறு ரூபாய்தான் சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டாலும் ஏறக் கூடாது. பிள்ளைகள் அடம் பிடித்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பூநாரையைக் காட்டுகிறேன்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், அவரவர் சாப்பாட்டு டப்பா. பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். நண்டு வாங்குபவர்கள் ஐஸ் பெட்டி கொண்டுவரவும். சென்ற முறை மகாபலிபுரம் போய் வந்தபோது பஸ்ஸில் வந்த மீன் வாசம் இன்னும் போகவில்லை என்று பஸ்காரர் புகார் சொல்லியிருக்கிறார். பி பிளாக்கில் இன்னும் நான்கு இடம் காலி, நாளை இரவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

டீ ரெடி என்கிறார்கள்.